அந்த மரத்தில் எழுதியது யார்?

பால்மரம் வெட்டிய கைகளுக்கு அந்த அளவு தெரியும். தோட்டத்தில் ஒரு ரப்பர் மரத்தின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டருக்கு வந்ததும் பால் வெட்டுக்கு எடுப்பார்கள். அது மேலும் பல ஆண்டுகள் பால் கொடுத்துப் பருத்து 80 சென்டிமீட்டரை எட்டும்போது, அதன் குறுக்களவு ஏறத்தாழ 254 மில்லிமீட்டர். கார் மோதல் ஆய்வுக்கூடங்களில், பக்கவாட்டு மோதலைச் சோதிக்க நிறுத்தி வைத்திருக்கும் இரும்புக் கம்பத்தின் குறுக்களவும் அதே 254 மில்லிமீட்டர்தான். வளர்ந்த தென்னையும் கிட்டத்தட்ட அந்தக் கனம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானை அடுத்திருக்கும் ஆயர் தாவாரில் இந்தக் கனத்துக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் தோட்டங்களாக இருந்த ஊர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமானில் வீடு வாங்கினார்கள். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிளும், பிறகு காரும் வந்தன. சாலையோரம் மட்டும் பல இடங்களில் பழையபடியே இருக்கிறது. தார் முடிந்து சில அடிகளில் ஒரு மின்கம்பம், ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், எப்போதோ யாரோ வைத்த தென்னை. மழை பெய்து ஓய்ந்த மாலையிலோ, இரவு வேலை முடிந்து கண் சொக்கும் விடியலிலோ, ஒரு கார் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பி அவற்றில் ஒன்றின்மேல் போய் விழுகிறது.

சாவு வீட்டில் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். "அவனுக்கு அங்கதான் எழுதியிருக்கு." "நேரம் வந்திருச்சி, மரம் ஒரு சாக்கு." நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இதைச் சொன்னதும் மற்றவர்கள் தலையசைப்பார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த வார்த்தையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் தள்ளும்போது அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வியும் கூடவே போய்விடும். மனித உயிர் ஒன்று 254 மில்லிமீட்டர் மரத்தில் முடிந்ததற்குக் காரணம் எது, பொறுப்பு யாருக்கு என்பதுதான் அந்தக் கேள்வி.

முதலில் மோதலைப் பார்க்க வேண்டும். கார் நேராக மோதும்போது ஓட்டுநருக்கும் மோதும் பொருளுக்கும் நடுவே இயந்திரமும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் இருக்கின்றன. அவை மடிந்து நசுங்கி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். பக்கவாட்டில் அப்படி எதுவும் இல்லை. ஒரு கதவு, அதன் உள்ளட்டை, ஒரு கண்ணாடி. தோளுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு முழத்துக்கும் குறைவான இடம். இன்னொரு கார் வந்து இடித்தால்கூட அதன் அகலமான முகப்பு கதவு, நடுத்தூண், அடிச்சட்டம் எல்லாவற்றிலும் பரவி இடிக்கும். இடிக்கிற காரும் தன் பங்குக்கு நசுங்கும். மரம் நசுங்காது, நகராது, ஒதுங்காது. காரின் முழு எடையும் வேகமும் ஒரு சாண் அகலக் கோட்டில் குவிகின்றன. கோடாரி விறகைப் பிளப்பதும் இதே கணக்கில்தான். இங்கே கோடாரி நிற்கிறது, விறகு ஓடி வருகிறது.

கண்ணாடி உடைந்ததும் தலை நேராக மரத்தில் படும். விலா எலும்புகள் வரிசையாக ஒடிந்து நுரையீரலில் ஏறும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்தால் மருத்துவ வண்டி வந்து சேரும் வரை தாங்குவது அரிது. மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வலப்பக்க மோதலில் கல்லீரல் சிதையலாம். இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மண்ணீரல். இடுப்பெலும்பு உடைவது இரண்டு பக்கத்திலும் உண்டு. வெளியே அதிகம் காயம் தெரியாமல், தூங்குகிறவர்போல் இருக்கும் உடலைப் பார்த்துத்தான் வீட்டார் அதிகம் குழம்புகிறார்கள். ஒரு கீறலும் இல்லாமல் எப்படிப் போனான்? அந்தக் குழப்பத்தில்தான் தலையெழுத்து என்ற சொல் வந்து உட்காருகிறது.

மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1937-இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்காவின் அசாந்தே மக்களிடம் இதே இடத்தைத் தொட்டார். அங்கே வெயிலுக்கு ஒதுங்கி மக்கள் தானியக் குதிரின் நிழலில் உட்காருவார்கள். எப்போதாவது குதிர் சரிந்து ஆட்களை நசுக்கும். கால்களைக் கரையான் அரித்ததால் சரிந்தது என்று அசாந்தேக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது அதற்கடுத்த கேள்வி: இந்த ஆட்கள் இதன்கீழ் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் சரிந்தது? ஆயர் தாவாரில் பேரனை இழந்த ஆயாவுக்கும் வேகமும் மழையும் தேய்ந்த டயரும் தெரியும். அவர் கேட்பதும் அசாந்தேயின் கேள்விதான். எப்படி என்பதற்குப் பதில் கிடைத்த பிறகும், ஏன் என் பேரன் என்பது பதில் இல்லாமல் நிற்கிறது. எந்தப் பொறியாளரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று நடிக்கவும் கூடாது.

தமிழ்ச் சைவம் அந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரும் வகுத்த கணக்கில் வினை மூன்று. சேர்ந்து கிடக்கும் பழவினை ஒன்று. அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த நுகர்வினை மற்றொன்று. இப்போது செய்வதால் புதிதாகச் சேரும் ஏறுவினை மூன்றாவது. அருணந்தியின் சிவஞான சித்தியார் இதில் மிகக் கண்டிப்பானது: ஒருவர் பெறுவதும் இழப்பதும், அவருடைய இன்பமும் நோயும், மூப்பும் சாவும்கூடக் கருவிலேயே அமைந்துவிட்டன என்கிறது. சாவு வீட்டுப் பெரியவருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் அதே நூல் அந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்கிறது. இப்போது செய்யும் செயல் வீணாகாது, அது செய்கிறவரின் கணக்கில் ஏறி மேலும் தொடரும். இந்த இரண்டாவது பாதியை ஊர் மறந்துவிட்டது. நுகர்வினை கண்ணுக்குத் தெரியாதது. எந்தப் பிறவியில் எதற்காக வந்தது என்று மனிதர் யாரும் சொல்ல முடியாது. ஏறுவினை எல்லார் கண்ணுக்கும் தெரியும். வளைவின் வெளிப்புறத்தில், தாரிலிருந்து மூன்றடியில் ஒரு கம்பத்தை நிறுத்தியது ஒரு செயல். தேய்ந்த டயரை மாற்றாமல் விட்டதும், மழையில் 110-ல் போனதும், இருக்கை வார்ப்பட்டையை வெறும் சட்டமாக நினைத்து அலுத்துக்கொண்டதும் செயல்கள்தான். இவை எல்லாம் இந்தப் பிறவியில், பெயரும் பொறுப்பும் உள்ளவர்கள் செய்தவை. கம்பம் சடம், வினையும் சடம் என்பது சித்தாந்தம். சடத்துக்கு யாரையும் தேடிப் போகத் தெரியாது. கம்பத்தை அங்கே வைத்தவர் சடம் அல்லர்.

திருக்குறளிலும் இந்த இழுபறி அப்படியே இருக்கிறது. 38-ஆம் அதிகாரமான ஊழ், ஊழைவிட வலியது எது என்று கேட்டு முடிகிறது. 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோர்வில்லாமல் முயல்கிறவர் ஊழையும் முதுகு காட்ட வைப்பார் என்ற கருத்தோடு நிறைவடைகிறது. முரண்பாடு என்று கருதி உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக இதைச் சமாதானப்படுத்தி வருகிறார்கள். யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடும். ஊழ் அறத்துப்பாலின் கடைசியில், அறத்தை எல்லாம் கேட்டு முடித்த மனிதனிடம் சொல்லப்படுகிறது. ஆள்வினை பொருட்பாலில், நாட்டை நடத்துகிற பொறுப்பில் இருப்பவனிடம் சொல்லப்படுகிறது. இழந்தவனுக்கு ஒரு சொல், ஆள்பவனுக்கு வேறொரு சொல். ஆயர் தாவாரில் பிழை நடப்பது இந்த இரண்டும் இடம் மாறும்போதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விதி என்று சொன்னால் அந்தச் சொல் அவளைத் தாங்கும். அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. சாலை போடுகிறவரும், காரைக் கட்டி விற்கிறவரும், போன வாரம் அதே வளைவில் பறந்து தப்பியவரும் விதி என்று சொன்னால், அது தங்கள் கணக்கைக் கடவுளின் பேரேட்டில் எழுதும் வேலை.

இந்தச் சிற்றூரில் இந்துக்கள் மட்டும் இல்லை. 1903-இல் பூச்சோவிலிருந்து வந்த மெதடிஸ்ட் சீனர்கள் சித்தியவானில் குடியேறினார்கள். அவர்கள் வழியினர் இந்த வட்டாரம் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அந்தப் பதினெட்டுப் பேர் ஊரில் உள்ள மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். மலாய் அண்டைவீட்டார் கடா, கடார் என்று இறைவனின் ஏற்பாட்டை நம்புகிறவர்கள். அவர்களுக்கும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழி பழக்கமானது. புத்தரிடம் சிவகன் என்ற துறவி, மனிதர் படும் வேதனை எல்லாம் பழைய வினையால்தானா என்று கேட்டதைப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயம் சொல்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், கவனமற்ற நடத்தை, தாக்குதல்; வினை எட்டாவது. எல்லாவற்றையும் வினைமேல் போடுகிறவர்கள், தாங்களே அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஏற்றதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றார்.

சாவு முன்பே முடிவானது என்றால் தடுப்புக் கம்பி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. கிரேக்கத்தில் இதைச் சோம்பல் வாதம் என்றார்கள்: குணமாவது விதி என்றால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும், ஆகவே அழைக்க வேண்டாம். விதியை முழுக்க நம்பிய ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதற்குச் சொன்ன பதிலைச் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். குணமாவது விதி என்றால், மருத்துவரை அழைப்பதும் அந்த விதியோடு கட்டிய விதி. ஆயர் தாவாரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தலையெழுத்து என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. நள்ளிரவானாலும் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். காய்ச்சலுக்கு இல்லாத விதி மின்கம்பத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒரே இரவில் இரண்டு இளைஞர்கள் இரண்டு காரில் கண் அயர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கார் சாலையை விட்டு இறங்கி லாலாங் புல்லில் ஓடி நிற்கிறது. மற்றவன் கார் அதே தவறைச் செய்து, அதே வேகத்தில், ஒரு மரத்தில் மோதுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் இறந்துவிடுகிறான். முதலாமவன் மறுநாள் கோயிலில் எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டு வேலைக்குப் போகிறான். இரண்டாமவன் வாழ்நாள் முழுக்கக் கொலைகாரன். தவறு ஒன்றே, வித்தியாசம் மரம் நின்ற இடம். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதற்கு ஒழுக்க அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தார்கள். தன் குற்றம் எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையின்மேல் லோரியை ஏற்றிவிட்ட ஓட்டுநரை வில்லியம்ஸ் எடுத்துக்காட்டினார். அவரிடம் உன் தப்பில்லை என்று நாம் சொல்வோம். ஆனால் அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு துடைத்துப்போட்டுவிட்டால் அவரைப் பற்றி நமக்கு ஐயம் வரும். இரண்டாமவன் சுமக்கும் பாரம் அதைப் போன்றது. அதில் ஒரு பங்கு அவனுடையது, ஒரு பங்கு மரத்தை அங்கே விட்டவர்களுடையது. ஊர் முழுப் பாரத்தையும் அவன் தலையில் வைத்துவிட்டு, மரத்துக்கு மட்டும் விதி என்று பெயர் வைக்கிறது.

1997 அக்டோபரில் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற கொள்கை இந்தப் பங்கீட்டை மாற்றியது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், கண் அயரத்தான் செய்வார். அந்தத் தவறுக்குச் சாவு தண்டனையாக இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. உடல் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கி, அதற்கேற்பச் சாலையையும் காரையும் அமைக்கும் பொறுப்பை அமைக்கிறவர்களிடம் கொடுத்தது. விதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், விதி என்று சொல்லும் உரிமையை அது அதிகாரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கம்பச் சோதனையும் அந்த மனப்போக்கில் பிறந்ததுதான். ஆஸ்திரேலியா முன்னின்று உருவாக்கிய 14-ஆம் உலகத் தொழில்நுட்ப ஒழுங்குமுறையை ஐ.நா. 2013 நவம்பரில் ஏற்றது. காரைப் பக்கவாட்டாக, 75 பாகைச் சாய்வில், மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் கம்பத்தில் மோதவிடுகிறார்கள். உள்ளே உணர்கருவிகள் பதித்த வோர்ல்ட்சிட் என்ற பொம்மை. கம்பம் அந்தப் பொம்மையின் தலைக்கு நேராக வரும்படி குறிவைக்கிறார்கள். சாலையில் தற்செயலாக நடப்பதில் மிக மோசமானதை, வேண்டுமென்றே, தப்பவிடாமல் நடத்திப் பார்க்கிறார்கள். யாருக்கும் எழுதியிராத ஒரு தலையின்மேல் அதை முதலில் எழுதிப் பார்த்து, பிறகு உயிருள்ள தலைக்கு வராமல் அழிக்கிற வேலை அது. இதைத் தவம் என்று சொன்னால் மிகையாகாது.

32 கிலோமீட்டர் என்பது சின்ன வேகமாகத் தோன்றும். அது காரைச் சுமார் நான்கு மீட்டர் உயரத்திலிருந்து, பக்கவாட்டாக, கம்பத்தின்மேல் போடுவதற்குச் சமம். கூட்டரசுச் சாலைகளின் பொது வரம்பான 90 கிலோமீட்டரில் அந்த உயரம் 32 மீட்டர், பத்து மாடிக் கட்டடம். சறுக்கும்போது வேகம் குறையும் என்பது உண்மை. என்றாலும் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் அது சோதிக்கப்பட்டது நான்கு மீட்டருக்குத்தான் என்பதை ஓட்டுகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

1997-இல் பி.எம்.டபிள்யூ. தலைக்கென்று குழல்வடிவக் காற்றுப்பையைக் கொண்டுவந்தது. 1998-இல் வால்வோ எஸ்80-இல் கூரையோரத்திலிருந்து இறங்கும் திரைப்பை வந்தது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்து தலைக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு துணிப்பை. வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, பக்கவாட்டில் திரும்புவதையே பல நேரங்களில் தடுக்கிறது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காராக அமைந்த கஞ்சில் 1994-இல் வந்தது; அதில் திரைப்பை கிடையாது. இன்றும் ஒரே மாடலில் மலிவான ரகத்தில் திரைப்பை இல்லாமலும் விலை கூடியதில் இருந்தும் விற்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சில ஆயிரம் ரிங்கிட் வித்தியாசத்தில் மாறக்கூடிய ஒன்றைத் தலையெழுத்து என்று சொல்வது, ஏழையின் சாவுக்கு மட்டும் தத்துவம் பேசுவதாகிவிடும்.

2023-இல் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களுக்குக் கதவுகூட இல்லை. சாலையோரத்தில் என்ன நிற்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு இன்னும் கொடியது. காப்பாற்ற வைத்ததே கொல்லவும் கூடும் என்பதைப் பேராக் அண்மையில் பார்த்தது. 2025 ஜூன் 9 அதிகாலையில், கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் இறந்தார்கள். போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புக் குழு, பேருந்தின் வேகத்தோடு, சாலையோர இரும்புத் தடுப்பு பேருந்துக்குள் புகுந்ததையும் எழுதியது. அந்த வீடுகளிலும் விதி என்ற சொல் ஒலித்திருக்கும். ஆனால் ஒரு குழு உட்கார்ந்து, தடுப்பை ஆராய்ந்து, காரணத்தை எழுத்தில் வைத்தது. அதுவும் இறந்தவர்களுக்குச் செய்யும் ஒரு கடன்.

அகால மரணம் நடந்த இடத்தில் உயிர் தங்கிவிடும் என்று நம்பும் குடும்பங்கள் சாலையோரத்துக்குப் பூசாரியை அழைத்து வருகின்றன. சீனர்களும் தங்கள் முறையில் ஆவியை அழைத்துப் போகிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீர், எலுமிச்சம்பழம், சூடம். வீட்டுக்கு வா என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். லோரிகள் விரையும் சாலையில், மரத்திலிருந்து இரண்டடியில் நின்றுகொண்டு அவர்கள் அதைச் செய்கிறார்கள். தாரின் விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குப் பாதத்தால் தெரிகிறது. சடங்கு முடிந்ததும் அந்தத் தூரத்தை அடியெண்ணி அளந்து, ஒரு தாளில் எழுதி, ஊராட்சி மன்றத்திலும் பொதுப்பணித் துறை அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவர முடியும். மின்கம்பமாக இருந்தால், முறிந்ததற்குப் பதில் புதியது நட ஆட்கள் வரும் நாள் ஒன்று உண்டு. பழைய குழி அங்கேயே, தயாராக இருக்கும். மண்வெட்டி அதில் இறங்குவதற்கு முன் அந்தத் தாள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.